தோண்டியெடுத்த காசைத் துலக்க: புளியா, டம்ளரா?

டம்ளர் என்றதும் நமக்குக் காபிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது கூழாங்கற்களை நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றும் ராக் டம்ளர் என்ற சிறு எந்திரத்தைப் பற்றி. நியூ ஜெர்சிக் கடற்கரையில் மெட்டல் டிடெக்டருடன் நான்கு கோடைகள் நடந்து சேர்த்த சில்லறையால் ஒரு பெயின்ட் வாளி நிறைந்தபோது, அதைப் புளியிலும் வினிகரிலும் ஊறவைத்துத் தேய்ப்பதா, எந்திரம் வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எந்திரத்தின் பக்கம் சாய்ந்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடலாம். 1964 வரை அச்சான அமெரிக்க டைம் (பத்து சென்ட்), குவார்ட்டர் (இருபத்தைந்து சென்ட்) நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி. 1909 முதல் 1958 வரை வந்த பழைய பென்னிகளின் (ஒரு சென்ட் காசுகளின்) பின்புறத்தில் கோதுமைக் கதிர்கள் இருக்கும். இவற்றுக்குப் புளியும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம். துலக்கிய தடம் தெரிந்தால் தரச்சான்று தரும் நிறுவனங்கள் காசின் நிலையை எண்ணால் குறிக்கும் தரத்தைக் கொடுப்பதில்லை, வாங்குபவரும் விலையைக் குறைத்துவிடுவார். வெறும் நீரில் அலசி எடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆகவே, இந்த ஒப்பீடு முகமதிப்புக்கு மட்டுமே செலவாகும் சில்லறைக்கானது.

புளியின் பெருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 95 விழுக்காடு செம்பு கொண்ட பழைய பென்னியைப் புளிக்கரைசலில் பத்து நிமிடம் போட்டுத் தேய்த்தால், வெள்ளிக்கிழமை துலக்கிய குத்துவிளக்குப் போலப் பளிச்சிடுகிறது. செலவும் இல்லை, சத்தமும் இல்லை. சிக்கல் மற்ற நாணயங்களில் இருக்கிறது.

1982ஆம் ஆண்டின் இடையில் பென்னி மாறியது. அதன்பின் வந்தவை 97.5 விழுக்காடு துத்தநாகம்; மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும். உப்பு மணலில் கிடந்த பென்னியின் விளிம்பில் அந்தப் பூச்சு எங்காவது விட்டிருக்கும், அமிலம் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. ஓர் இரவு ஏழெட்டுப் பென்னிகளை வினிகரில் போட்டுவிட்டுப் படுத்தேன். படுக்கும் முன்பே விளிம்பிலிருந்து நூல் பிடித்ததுபோலக் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. காலையில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது, காசில் பதிந்த லிங்கன் உருவத்தின் கன்னம் அப்பளம்போல உள்ளே அமுங்கியது. அந்த இடத்தில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்புத் தோல் மட்டும் நின்றிருக்கிறது. 2.5 கிராம் இருக்க வேண்டிய காசு என் தராசில் 1.6 காட்டியது.

1965 முதல் வந்த குவார்ட்டருக்கும் டைமுக்கும் வேறு வகையான தொல்லை. நடுவில் செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் செந்நிறக் கோடு தெரியும். அமிலம் அழுக்கைக் கரைத்து முடித்ததும் நிற்பதில்லை, அந்தக் கோட்டிலிருந்து உலோகத்தையும் தின்னத் தொடங்குகிறது. எனக்குத் தீர்மானமான காரணம் இதுதான்: அமிலம் எப்போது அழுக்கை முடித்துக் காசைத் தொட்டது என்பது வெளியில் தெரிவதில்லை, டம்ளரையோ மணிக்கொரு முறை நிறுத்தித் திறந்து பார்த்துப் போதும் என்ற இடத்தில் விட்டுவிடலாம்.

என் எந்திரத்தில் மூன்று பவுண்டு ரப்பர் உருளை ஒன்று. பாதியளவுக்குக் காசும் மீன்தொட்டிச் சரளைக்கல்லும், அவை மூழ்கும் அளவு நீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, அவ்வளவுதான். முதல் மணி நேரத்தில் நீர் மையைப் போலக் கறுத்து வரும். அதைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றி இன்னொரு மணி நேரம் ஓட்டினால் குவார்ட்டரின் மேலிருந்த மணல் பொருக்கு போய்விடுகிறது. புதுக்காசின் பளபளப்பு வராது, மங்கலான சாம்பல் நிறம்தான். ஆனால் அளவும் உலோகமும் பார்த்து எண்ணும் சூப்பர்மார்க்கெட் எந்திரம், முன்பு துப்பிய காசுகளை இப்போது பெரும்பாலும் ஏற்கிறது.

பென்னியை மற்றவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. சேர்த்துப் போட்டால் செம்பு படிந்து குவார்ட்டர்கள் இளஞ்சிவப்பாக வெளிவரும். என் முதல் தொகுதி முழுவதும் அப்படித்தான் வந்தது. ஐந்து சென்ட், டைம், குவார்ட்டர் மூன்றும் ஒன்றாக ஓடலாம். செம்புக்குத் தனிச் சரளை வைத்துக்கொள்வது நல்லது. விரைவாக முடியுமென்று உருளைக்குள் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுவது ஆபத்து: அமிலமும் துத்தநாகமும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி, இறுக மூடிய உருளைக்குள் அழுத்தம் ஏறும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாளியில் இருந்தது எண்பது டாலர் சொச்சம், எந்திரத்தின் விலையும் ஏறத்தாழ அதுவே. ஆக, முதல் வாளியில் லாபம் என்று எதுவும் இல்லை. சத்தத்தால் கராஜுக்கு வெளியே அதை வைக்க வீட்டில் அனுமதி இல்லை. ஓட்டும் ரப்பர் பெல்ட் முதல் ஆண்டிலேயே தளர்ந்து அறுந்தது. அதிர்வு வகை டம்ளர் இன்னும் விரைவானது என்கிறார்கள். நண்பர் வீட்டில் ஒரே ஒரு முறை ஓடக் கண்டதை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

பழைய செம்புப் பென்னிகளுக்கு மட்டும் நான் இன்றும் புளியைத்தான் எடுக்கிறேன். விளிம்பு அரித்த துத்தநாகப் பென்னிகளை இரண்டிலும் போடுவதில்லை. அவை வாளியின் அடியில் அப்படியே கிடக்கின்றன.