பேஸ் கிடார்: கம்பி தாழ்ந்திருப்பதா, உயர்ந்திருப்பதா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா மேடையில் விடிய விடிய பேஸ் வாசிப்பவருக்கும், வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகுபவருக்கும் ஒரே கம்பி உயரம், அதாவது நெக் எனும் கழுத்துப் பலகைக்கு மேலே கம்பி நிற்கும் இடைவெளி, ஒத்துவராது. புது பேஸில் விரல் நோகிறது என்று, கம்பிகளைத் தாங்கி உயரத்தை ஏற்றி இறக்கும் சாடில்களை எல்லாம் அடிவரை இறக்கிவிடுகிறார்கள். கச்சேரியில்தான் வினை தெரியும்.

தாழ்ந்த கம்பியின் சுகம் உண்மைதான். இடது கை சோர்வதில்லை. வேகமான ஓட்டங்கள் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் தடித்த ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அது அகலமாக ஆடும். பக்கத்தில் டிரம்ஸ் அதிரும்போது வலது கை தன்னாலே ஓங்கும், கம்பி, நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டில் மோதிச் சடசடக்கும், நாதம் பாதியில் அறுந்துவிடும். உயர்த்தி வைத்தால் ஒலி சுத்தமாக, கனமாக வரும். அதற்கு ஈடாக விரல் வலியும், மேல் ஃபிரெட்களில் சற்றே ஏறும் சுருதியும் உண்டு.

என் கட்சி நடுவழி, அதுவும் கொஞ்சம் உயரத்தின் பக்கம். 17ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. இடைவெளி நல்ல தொடக்கம். ஓங்கி மீட்டுபவர் ஈ கம்பியை மட்டும் இன்னும் மயிரிழை அளவு ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்த வழக்கு, சாடிலா டிரஸ் ராடா என்பது. கம்பி உயரத்தைக் குறைக்க டிரஸ் ராடைத் திருகுவது தவறு. நெக்கின் உள்ளே ஓடும் அந்த உலோகத் தண்டு நெக்கின் வளைவுக்கானது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து, 8ஆம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பைக் மெக்கானிக் டாப்பெட் பார்ப்பாரே, அதே கருவிதான். ஏறக்குறைய 0.3 மி.மீ. இருந்தால் டிரஸ் ராடைத் தொடவே வேண்டாம். முதல் சில ஃபிரெட்களில் மட்டும் சடசடப்பு என்றால் நெக் மிக நேராகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். அப்போதும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. சித்திரை வெயிலில் சரியாக நின்ற நெக் ஐப்பசி மழையில் அசைந்திருக்கும் என்பதால், பருவம் மாறும்போது இதை முதலில் பார்த்துவிட்டே சாடிலுக்குப் போக வேண்டும்.

சாடிலில் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும். ஏற்றும்போது கம்பியைத் தளர்த்திக்கொள்ளாவிட்டால் அலன் கீ நழுவித் திருகின் வாயே தேய்ந்துபோகும். இரண்டையும் சமமாகத் திருப்பாவிட்டால் சாடில் சாய்ந்து நிற்கும்.

சாடில்கள் உட்காரும் வளைத்த தகட்டு பிரிட்ஜை எடுத்துவிட்டுக் கனமான பிரிட்ஜ் போடலாமா? கம்பி உயரத்துக்காக மட்டும் என்றால் காசுக்குக் கேடு. பழைய தகடே இந்த வேலையைச் செய்யும்.

உயரம் முடிந்தபின் 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தி ட்யூனரைப் பாருங்கள். திறந்த கம்பியின் சரியான மேல் ஸ்தாயியைவிடச் சுருதி ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே இழுக்க வேண்டும், இறங்கியிருந்தால் நெக் பக்கம் தள்ள வேண்டும். உயரத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் இதையும் பார்த்தாக வேண்டும்.