கூடையா, டப்பாவா, தட்டா, பரணா: பொம்மைகளை எங்கே வைப்பது?

எங்களுடையது இரண்டு படுக்கையறை வாடகை வீடு. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தால் காலில் ஏதாவது குத்தாமல் சமையலறைக்குப் போக முடியாது என்ற நிலை வந்தபோதுதான் இதில் இறங்கினோம். ஒரு வருடத்தில் நான்கு வழிகளைச் செய்து பார்த்தாகிவிட்டது.

முதலில் பெரிய கூடை. அழுக்குத் துணி போடுவோமே, அந்த அளவு. இதன் பலம் வேகம்தான். இரவு இருவருக்கும் சாப்பாடு ஊட்டி முடித்த களைப்பில், ஐந்து நிமிடத்தில் ஹாலைக் காலி செய்துவிடலாம். ஆனால் காலையில் அடியில் கிடக்கும் காரை எடுக்க மகள் கூடையையே கவிழ்ப்பாள். கொட்டிய குவியலைப் பார்த்ததும் எதற்காகக் கவிழ்த்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிடும். செப்புச் சாமானில் அடுப்பு ஒரு பக்கம், பானை ஒரு பக்கம். ஜிக்சாவில் ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் வீண்.

எனக்குப் பெரிய காரணம் வேறு. அக்காவின் சின்னச் சின்ன சாமான்கள் தம்பியின் கைக்கு எட்டும் கூடையில் கலந்து கிடக்கின்றன. மூன்று வயதுக்குள் எல்லாமே வாய்க்குத்தான் போகும். அதிலும் சில பொம்மைகளுக்குள் இருக்கும் காசு மாதிரியான பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துவிடக்கூடும். பெரிய பிள்ளையும் கைக்குழந்தையுமாக வெவ்வேறு வயதில் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கூடை வேண்டவே வேண்டாம்.

அடுத்து மூடி போட்ட டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் லேபிள். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் மூடி இறுக்கம். "அம்மா, திறந்து குடு" என்று நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவாள். படிக்கத் தெரியாதவளுக்கு லேபிள் எதற்கு என்று படம் ஒட்டினேன், கொஞ்சம் பலன் இருந்தது. இருந்தாலும் எடுத்து வைக்கும் வேலை முழுக்க என் தலையில்தான். இன்றைக்கு லெகோ, மணி, ஜிக்சா இந்த மூன்றுக்கு மட்டும் டப்பா, அதுவும் மேல் அலமாரியில். தம்பியால் திறக்க முடியாது என்பதால் அந்த இறுக்கமே இங்கே நல்லது.

தாழ்வான திறந்த தட்டு மாண்டிசோரி வகுப்புகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், குழந்தையே எடுக்கும், குழந்தையே வைக்கும். நாங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பழைய செருப்பு ஸ்டாண்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தோம். எட்டுப் பொம்மைகள் பிடிக்கும். முட்டி உயரம்தான், அதனால் பிள்ளை ஏறினாலும் மேலே சாயும் பயம் குறைவு. உயரமான ஷெல்ஃப் என்றால் சுவரோடு கிளாம்ப் போட்டே ஆகவேண்டும். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால் உயரமானதை வாங்காதீர்கள். மூன்றாம் வாரம் ஒன்றரை வயதுக்காரன் தானாகவே பந்தைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தான். கூடை இருந்தவரை அவன் ஒருநாளும் எதையும் எடுத்து வைத்ததில்லை.

எட்டுதான் பிடிக்கும் என்றால் மீதி எங்கே? பரணில். கொலு பொம்மைகள் வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியிலிருந்து இறங்கும்போது, போன வருடம் பார்த்த அதே செட்டியார் பொம்மையைச் சுற்றிக் குழந்தைகள் எப்படிக் கூடுகிறார்கள்! அதே கணக்குதான். மூன்று அட்டைப்பெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு மாற்றுவோம். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சின்னக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். 16 பொம்மைகள் இருந்தபோது விளையாடியதைவிட, 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்களாம். எங்கள் ஹாலிலும் அதையே பார்க்கிறேன்.

வேண்டாத பொம்மைகளைக் கழிப்பதற்கும் பரண்தான் உதவியது. அதற்கு முன்பு ஒரு நாள் மகள் தூங்கும்போது ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு கண் இல்லாத துணி நாய்க்குட்டியும் போய்விட்டது. மூன்று நாள் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இப்போது ரகசியமாக எதையும் எடுப்பதில்லை. இரண்டு முறை இறங்கியும் யாரும் தொடாத பொம்மையை மகளிடம் காட்டி, "வேற பாப்பாவுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் சரி என்பாள். வேண்டாம் என்றால் திரும்பப் பரணுக்கு. நல்லதாக இருப்பது அங்கன்வாடிக்குப் போகும். பெயிண்ட் உரிந்தது, உடைந்து கூர் நீட்டியது குப்பைக்குத்தான். இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அதைக் கடிக்கும் இல்லையா?

ஆக, எங்கள் வீட்டில் நிலைத்தது தட்டும் பரணும் சேர்ந்ததுதான். பரண் இல்லாத வீட்டில் கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளி, முன்னால் ஒரு சூட்கேஸை வைத்து மறைத்தால் போதும். கண்ணில் படாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.