அப்பாவின் 1981 புல்லட்: மைலேஜும் காலை உதையும்

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து வயலுக்கும் கடைத்தெருவுக்கும், வாரம் ஒருமுறை தஞ்சாவூருக்கும் நான் ஓட்டிச் செல்வது அப்பா 1981இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் உருவான வண்டி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு பேரல், 6 வோல்ட் பேட்டரி, திறக்கும்போது பொறி விழச் செய்யும் சிபி பாயிண்ட், வலது காலில் கியர். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டர் மட்டும் முதலில் வந்ததல்ல. தொண்ணூறுகளில் அப்பா அதை எடுத்துவிட்டு 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் போட்டார். 2022இல் வண்டி என் கைக்கு முழுமையாக வந்தபோது இரண்டு குறைகள் இருந்தன. காலையில் எட்டுப் பத்து உதைகளுக்குக் குறைந்து ஸ்டார்ட் ஆகாது. லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்காது. அப்பா ஓட்டிய காலத்தில் 35 கொடுத்த வண்டி அது. இந்த மூன்று ஆண்டுகளில் அதை எப்படிச் சரிசெய்தேன், எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை, இதே வகைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கொண்டுபோய்க் காட்டிய பட்டறையில் வண்டியை ஒரு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் தேய்ஞ்சு போச்சு சார், போர் போடணும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து உள்ளே அடைபடும் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்பரஷர் லிவரைத் தொடாமல் கிக்கரின் மேல் என் முழு எடையையும் வைத்து ஏறி நின்று பார்த்தேன். சில விநாடிகள் கிக்கர் அப்படியே தாங்கி நின்று, பிறகுதான் மெல்ல இறங்கியது. சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஆயிலும் அளவுக்கு மீறிக் குறையவில்லை. கம்ப்ரஷன் இவ்வளவு நன்றாகத் தாங்கும் இன்ஜினைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வண்டி என்றாலே பேரலைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தால் எத்தனையோ நல்ல இன்ஜின்கள் தேவையில்லாமல் பேரலின் துளை பெரிதாக்கப்பட்டு ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போயிருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். அந்த வேலை வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்குப் பிறகு குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டம், அதற்குப் பிறகே அடுத்த மாற்றம் என்று வைத்துக்கொண்டேன்.

அளவு எடுக்கும் முறையே முதலில் தவறாக இருந்தது. பாட்டிலில் ஒரு லிட்டர் ஊற்றி, வண்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் காற்று, சுமை, லெவல் கிராசிங்கில் காத்திருப்பது என்று எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் வந்துவிடுவதால் கணக்கு நிற்பதில்லை. நான் ஒரே பங்க்கில், வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க்கின் வாய்க்குள் ஒரே அடையாளம்வரை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று குறித்தேன். கூடவே, தஞ்சாவூர் சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்து மீட்டரையும் சோதித்தேன். 20 கற்களைக் கடந்தபோது மீட்டர் 18தான் காட்டியது. எப்போதோ மாற்றிய மீட்டர் இந்தச் சக்கர அளவுக்குப் பொருந்தாதது என்று அப்போதுதான் தெரிந்தது. அதாவது, நான் 22 என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் 24க்குச் சற்று மேல். குறையில் ஒரு பகுதி வண்டியிலேயே இல்லை. இதற்குக் கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் திருத்திய எண்கள்.

சக்கரம் சார்ந்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே சுற்றியது, பின் டயரில் 28 இருக்க வேண்டிய காற்று 16தான் இருந்தது, செயின் வறண்டிருந்தது. மூன்றையும் சரிசெய்ததும் மைலேஜ் 26 ஆனது. செலவு என்று ஏதுமில்லை.

அடுத்தது கார்ப்பரேட்டர். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கறுப்பாக, தொட்டால் கையில் ஒட்டும்படி இருந்தது. கலவையில் பெட்ரோல் அதிகம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் காலையில் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதோ, ஐடிலில் நிற்காமல் அணைவதோ பெட்ரோல் குறைவதன் அடையாளம். இந்த இரண்டும் ஒரே வண்டியில் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பது எனக்குப் பல நாள் புரியவில்லை. நீடாமங்கலத்தில் நாற்பது ஆண்டுகளாக இந்த வண்டிகளையே பார்த்துவரும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் ஆயில் கேனால் இரண்டு சொட்டு விட்டார். தடுமாறிக்கொண்டிருந்த ஐடில் சில விநாடிகளுக்குச் சீரானது. "தம்பி, இங்க காத்து இழுக்குது. இத மறைக்கத்தான் யாரோ உள்ள நீடில ஏத்தி விட்டிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னபடியே இருந்தது. நீடில் என்பது கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் துளையில், அதாவது நீடில் ஜெட்டில், ஏறி இறங்கும் ஊசி. அதன் மேற்பகுதியிலுள்ள காடிகளில் ஒன்றில் கிளிப்பை மாட்டி அதன் உயரத்தை அமைப்பார்கள். கார்ப்பரேட்டரை ஹெட்டோடு பொருத்தும் ஃபிளாஞ்சின் முகம் வளைந்து, பேக்கிங் கிழிந்து, அந்த வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. த்ராட்டில் மூடியிருக்கும் நிலையில், அதாவது உதைக்கும்போதும் ஐடிலிலும், அந்தக் காற்று கலவையை மெலியவைத்தது. அதைச் சரிசெய்யாமல் யாரோ நீடில் கிளிப்பைக் கடைசிக் காடிக்கு இறக்கியிருந்தார்கள். கிளிப் இறங்கினால் நீடில் உயரும். நீடில் உயர்ந்தால் ஓட்டத்தில் பெட்ரோல் கூடும். நாம் வயலுக்கும் ஊருக்கும் இடையே ஓட்டும் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் கலவையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீடிலும் நீடில் ஜெட்டுமே என்பதால், மைலேஜ் போனது அங்கேதான். நீடில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் துளை வட்டமாக இல்லாமல், இத்தனை ஆண்டுகள் நீடில் உரசியதில் ஒரு பக்கம் நீண்டு போயிருந்தது. மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றினால் மைலேஜ் கூடும் என்று பலர் சொல்வார்கள். முக்கால் த்ராட்டிலுக்கு மேல் மட்டுமே வேலை செய்யும் ஜெட்டை மாற்றி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது, வேகமாக ஓட்டும்போது இன்ஜின் சூடேறுவதுதான் மிச்சம்.

ஃபிளாஞ்சைக் கண்ணாடிமேல் விரித்த எமரி தாளில் தேய்த்துச் சமமாக்கி, புது பேக்கிங், புது நீடில், புது நீடில் ஜெட் போட்டு, கிளிப்பை நடுக் காடியில் வைத்தோம். ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டில் பிசின்போல் உறைந்திருந்த பழைய பெட்ரோலை ஊறவைத்துக் காற்றடித்து எடுத்தோம். கார்ப்பரேட்டர் நிரம்பியதும் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் நீடிலும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். இரவில் வண்டிக்கடியில் ஈரம் படிந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற என் விதியை இந்த இடத்தில் மட்டும் மீறினேன், ஏனென்றால் கார்ப்பரேட்டரைப் பிரித்த பிறகு பாதியில் நிறுத்துவதில் பொருளில்லை. மைலேஜ் 29க்கும் 30க்கும் இடையே வந்தது. பிளக் கறுப்பு மாறிக் காவி கலந்த பழுப்பாயிற்று. காலை உதைகள் பத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தன.

அந்த மிச்ச ஐந்து உதைகளுக்கான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. சில நாட்களில் கிக்கர் காலைத் திருப்பி அடித்தது. ஒருமுறை கணுக்கால் வீங்கி ஒரு வாரம் நடக்க முடியவில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் சரியாகவே இருந்தது. பேட்டரி 6.3 வோல்ட் காட்டியது. கண்டன்சரையும் காயிலையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அந்தச் செலவைத் தவிர்த்திருக்கலாம். ஐப்பசி மழையில் வண்டி இரண்டு வாரம் ஓடாமல் நின்ற பிறகு, ஈரத்தில் பாயிண்ட் பூத்திருக்குமோ என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, தட்டைக் கழற்றி அடியில் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் இரண்டும் துருவேறி, பாதி விரிந்த நிலையில் இறுகிக் கிடந்தன.

இந்தச் சிறு பாகத்தைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். உதைக்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால், பிஸ்டன் மேலே வந்து சேரும் தறுவாயில்தான் பொறி விழ வேண்டும். இந்த வண்டிக்கு அது உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு. வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து, கேமைத் திருப்பி, பொறியை முன்கூட்டியே விழச் செய்யும். அப்போதுதான் கலவை முழுமையாக எரிந்து பிஸ்டனைத் தள்ள நேரம் கிடைக்கும். எடைகள் பாதியில் இறுகிவிட்டால் இரண்டு பக்கமும் நட்டம். உதைக்கும்போது பொறி தேவைக்கு முன்பே விழுந்து கிக்கர் திருப்பி அடிக்கும். ஓட்டத்தில் பொறி தேவைக்குப் பின்பு விழுந்து, பெட்ரோல் எரிந்த சூட்டில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகப் போகும். எடைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துரு நீக்கி, லேசாக ஆயில் விட்டு, நீண்டுபோன ஸ்பிரிங்குகளுக்குப் புதியவை போட்டு, பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து டைமிங்கைச் சரிபார்த்தேன். மைலேஜ் 33 ஆனது. கிக்கர் திருப்பி அடிப்பது அன்றோடு நின்றது. மூன்று ஆண்டுகளில் நான் செய்தவற்றில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தந்தது இந்த வேலைதான்.

உதைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். அப்பா, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரைப் பார்க்காமல் ஒருநாளும் உதைத்ததில்லை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கினால், மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கருகே இருக்கிறது என்று பொருள். அங்கே டிகம்பரஷர் லிவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, த்ராட்டிலைத் திருகாமல் ஒரே முழு உதை. மூச்சிறைக்க மூன்று அரை உதைகள் உதைப்பதைவிட இது எளிது, கிக்கர் பல்சக்கரமும் தேயாது. வால்வுக்கு ஆயுளும் ஸ்டார்ட்டிங்கும் வேண்டுமானால், இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது வால்வுகளைத் திறக்கும் கம்பிகளான புஷ்ராடு இரண்டும் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதை மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்டால் சாலையெங்கும் உமித்தூசி. சாலை ஓரத்தில் காயவைத்த நெல்லைக் கிளறும்போதும் அதே தூசி. ஏர் ஃபில்டர் இரண்டே வாரத்தில் அடைத்துப் போகிறது. அந்தப் பருவத்தில் மைலேஜ் இரண்டு குறைந்தால் கார்ப்பரேட்டரைத் தொடாதீர்கள், முதலில் ஃபில்டரைத் தட்டுங்கள். இன்னொன்று குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து வயல் மூன்று கிலோமீட்டர். சோக் போட்டு எடுத்த இன்ஜின் முழுச் சூடு பிடிக்கும் முன்பே நிறுத்திவிடுகிறோம். வயல் ஓட்டம் மட்டும் இருந்த வாரங்களில் எனக்கு 28தான் கிடைத்தது. அதை வண்டியின் குறை என்று எண்ணித் திருகாணிகளைத் திருகியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கள் பங்க்கில் வந்த பிறகு 33 என்பது 32க்குச் சற்றுக் கீழே வந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், 10 விழுக்காட்டிலிருந்து 20க்குப் போகும்போது இந்த அளவு குறைவது இயல்பே. மைலேஜைவிட எனக்குக் கவலை தந்தது ஈரம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழைக் காலத்தில் பாதி காலியான டேங்க்கை வாரக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கிறது. 2024 கார்த்திகையில் பைலட் ஜெட் மறுபடி அடைத்தது அந்தத் துருவால்தான். டேங்க்கைக் கழற்றி, பொடி ஜல்லியும் டீசலும் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். பழைய ரப்பர் குழாய் உப்பி மெத்தென்றாகியிருந்ததால், எத்தனாலைத் தாங்கும் குழாய் வாங்கி இடையில் ஒரு சிறு ஃபில்டரும் பொருத்தினேன். மழைக்காலத்தில் டேங்க்கை நிரப்பியே நிறுத்துகிறேன். கலவை சற்று மெலிந்ததால் நீடிலை ஒரு காடி உயர்த்தலாமா என்று யோசித்தேன்; ஆனால் பிளக் இன்னும் பழுப்பாகவே இருப்பதால் கை வைக்கவில்லை.

இப்போது காலையில் இரண்டு உதை, மாலையில் சூடாக இருக்கும்போது ஒரு உதை. ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து, தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது, அதனால் பாயிண்ட் இடைவெளி 1,000 கிலோமீட்டருக்குள் மாறிவிடுகிறது. லேத் பட்டறையில் வெண்கல புஷ் கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதைப் போட்டுவிட வேண்டும்.