பதிமூணு கண் பாலத்துப் படம்: போட்டோக்களை வடிகட்ட எது கைகொடுக்கும்?

"தம்பி, மீட்டர் கேஜ் வண்டி பதிமூணு கண் பாலத்துல போற படம் ஒண்ணு வேணும்" என்றார் ஆரியங்காவில் இருக்கும் அண்ணாச்சி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பாலம் இருக்கும் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகல் தண்டவாளப் பாதை 2010-இல் நின்றுவிட்டது. அகலப்பாதை முழுதாக வந்தது 2018-இல். அப்படியென்றால் அவர் கேட்பது 2010-க்கு முந்தைய படம்.

செங்கோட்டையில் என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் முப்பதாயிரம் படங்களுக்கு மேல் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கிற எக்ஸிஃப் தகவல்தான் ஒரே வழி. தேதி, கேமரா, லென்ஸ், ஃபோகல் லென்த் (லென்ஸ் எவ்வளவு கிட்டே இழுத்தது என்ற எம்எம் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) எல்லாம் அதில் இருக்கும். கையில் இருந்த நான்கு கருவிகளிலும் தேடினேன்.

கூகுள் போட்டோஸ் கைபேசிப் படங்களுக்கு நல்ல துணை. "குற்றாலம்" என்று தட்டினால் அருவிப் படங்கள் வந்து நிற்கும். ஆனால் 300 எம்எம் லென்ஸில் எடுத்தவை மட்டும் வேண்டும் என்று கேட்க வழியில்லை. படத்தைத் திறந்தால் அந்த விவரத்தைக் காட்டும், அதை வைத்துப் பிரித்துத் தராது. இலவச இடமும் 15 ஜிபிதான், அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு உண்டு. இந்த வேலைக்கு இது உதவாது.

லைட்ரூம் கிளாசிக்கின் வடிகட்டியை மெச்சத்தான் வேண்டும். மேலே தேதி, கேமரா, லென்ஸ், லேபிள் என்று நான்கு பத்திகள். வேண்டுமானால் ஃபோகல் லென்த், ஐஎஸ்ஓ என மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைத் தொட்டதும் மற்றவை சுருங்கி, எத்தனை படம் மிச்சம் என்று எண்ணிக்கையும் சொல்லும். என் பழைய கேமராவைத் தொட்டேன். தேதிப் பத்தியில் 2008, 2009, 2010, கூடவே 2005 என்று ஒரு வரி, அதில் 64 படங்கள். நான் அந்தக் கேமராவை வாங்கியதே 2008-இல்! திறந்தால் மழை மேகம், பாலம், ஊதா நிறப் பெட்டிகள். பேட்டரி தீர்ந்தபோது கேமராவின் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வேறு எந்தக் கருவியும் இதை இவ்வளவு பளிச்சென்று காட்டியிருக்காது.

அப்படியும் என் படங்களை நான் லைட்ரூமில் குடிவைக்கவில்லை. அதில் போடும் குறிச்சொல் முதலில் கேட்டலாக் என்ற அதன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் ஏறும். நாமாகச் சேமித்தாலோ, அமைப்பை மாற்றி வைத்தாலோதான் படத்துக்குள் போகும். கலெக்‌ஷன்களாகப் பிரித்து வைத்தால் அது படத்துக்குள் போகவே போகாது. போதாததற்கு மாதச் சந்தா வேறு.

படங்களை அடுக்கி வைக்கும் டிஜிகாம் மென்பொருள் முழுக்க இலவசம். நான் குடியிருப்பது இதில்தான். வடிகட்டி லைட்ரூம் அளவுக்குச் சுருக்கமானதல்ல. லென்ஸ், ஃபோகல் லென்த் என்று தேட தனிப் படிவம் திறந்து நிரப்ப வேண்டும். ஆனால் அமைப்பில் ஒருமுறை டிக் செய்துவிட்டால் குறிச்சொற்களைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். தமிழிலேயே எழுதலாம். கேரளம், அதற்குள் கொல்லம், அதற்குள் கழுதுருட்டி என்று கிளை கிளையாக வைத்திருக்கிறேன். இருப்பிடத் தகவல் இல்லாத படங்களை மட்டும் பிரித்துக் காட்டும், அவற்றை வரைபடத்தில் இழுத்துப் போட்டுச் சரிசெய்யலாம். என் பழைய கேமராவில் ஜிபிஎஸ் இல்லாததால் இது எனக்குப் பெரிய உபகாரம்.

எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: மாவட்டப் பெயரை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்தது. அதனால் என்னிடம் புளியரைப் படங்கள் பாதி திருநெல்வேலியிலும் பாதி தென்காசியிலும் கிடந்தன. ஊர்ப்பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, எக்ஸிஃப் தகவலைப் படித்துத் திருத்தும் எக்ஸிஃப்டூல். இதில் பட்டனும் இல்லை, படமும் தெரியாது. எல்லாமே கட்டளை வரிதான், வேண்டியதைத் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். தேடச் சொன்னால் ஒவ்வொரு கோப்பாகப் படிப்பதால் நேரம் எடுக்கும். தினசரித் தேடலுக்கு வேண்டாம், திருத்தத்துக்குத்தான் வேண்டும். அந்த 64 படங்களில் ஒன்றில் டீக்கடைச் சுவர் விழுந்திருந்தது. நாட்காட்டித் தாளில் ஜூன் 14, ஞாயிறு. மேலே கடிகாரத்தில் ஏழேகால். அந்த வருஷம் 2009. படத்தில் பதிந்திருந்த நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும், மொத்த ஃபோல்டரையும் ஒரே வரியில் நகர்த்திவிட்டது. லைட்ரூமிலும் டிஜிகாமிலும்கூட நேரத்தை மாற்றலாம். ஆனால் எக்ஸிஃப்டூல் மூலக்கோப்பின் நகலைத் தானாகவே பக்கத்தில் வைத்துவிடுவதால் எனக்குப் பயமில்லை.

அப்புறம் படத்தை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினேன். சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடும். அவர் பேரன் திறந்து பார்க்கும்போது 2009 என்று இருக்க வேண்டும்.