மலை இல்லாத மாடி வீடியோ: கூல் டைல்ஸ் வேலைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படிச்சிடுங்க

வீடு வேலூரில், வேலை மஸ்கட்டில். என்னைப் போல இப்படி இரண்டு ஊருக்கு நடுவில் தொங்குகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மொட்டை மாடி வேலை ஒன்றில் 1,60,000 ரூபாய் ஏமாந்தேன். ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது, அது ஒரு காரணம். அந்தப் பெயர் போனால் இன்னொரு பெயரில் அதே வேலையைச் செய்ய இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள், அது இன்னொரு காரணம்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். 1996ல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும்தான், மேலே வெறும் மொட்டை மாடி. அந்தக் காலத்து முறைப்படி கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். அதற்கு மேல் சிவப்புத் தட்டோடு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. பிறகு இணைப்புகள் விட்டு, அங்கங்கே புல் முளைத்து, பூஜை அறைச் சுவரில் ஓதம் ஏறத் தொடங்கியது. வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரம் வந்தால் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் இறக்கும். அப்பாவுக்கு 74 வயது, முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

2024 மார்ச்சில் சொந்தக்காரர் ஒருவர் மூலம் இந்தக் காண்ட்ராக்டர் கிடைத்தார். "பழைய தட்டோட்ட, ஜல்லியோட மொத்தமா பேத்து எடுத்துடுவோம் சார். அப்புறம் வாட்டர் ப்ரூஃப் ரெண்டு கோட்டு, அதுக்கு மேல வாட்டம் போட்டு கலவை, மேல வெள்ளை கூல் டைல்ஸ். பத்து வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்." வாட்டம் என்றால் மழைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுவதற்கான சரிவு. கூல் டைல்ஸ் என்றால் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை டைல்ஸ். சதுரடிக்கு 165 ரூபாய். 1,050 சதுரடிக்கு 1,73,250. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். லெட்டர்பேடு இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, முகவரி இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

முன்பணம் 50,000. ஓமன் போன் நம்பரை வைத்தே நம் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊர் வங்கியில் வைத்திருப்பது) யூபிஐ போட முடிகிற காலம் இது. முன்பெல்லாம் பணம் அனுப்ப மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நிற்க வேண்டும், நிற்கிற நேரத்தில் நாலு தடவை யோசிப்போம். இப்போது யோசிக்கிற நேரம் போய்விட்டது. பணம் போன இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் பெயர் காட்டியது. கேட்டேன். "வீட்ல பேர்ல அக்கவுன்ட் சார்" என்றார். சரி என்று விட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வேலை தொடங்கி நாலாவது நாள் வீடியோ வந்தது. சுத்தமாகப் பெருக்கிய கான்கிரீட், அதன்மேல் ஒருவர் பிரஷ்ஷால் சாம்பல் நிறத்தில் ஏதோ அடிக்கிறார். "வாட்டர் ப்ரூஃப் போயிட்டிருக்கு அண்ணா." சார் போய் அண்ணா வந்திருந்தது. 70,000 அனுப்பினேன். அடுத்த வீடியோவில் மாடி முழுக்கத் தண்ணீர் மினுமினுத்தது. "தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணிட்டோம், ஒரு சொட்டு எறங்கல அண்ணா." கடைசியாக வெள்ளை வெளேரென்று டைல்ஸ். இன்னொரு 40,000.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டம் ரூவியில் ஒரு வீட்டில் கூடியது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று பழைய வட ஆற்காடு ஆட்கள் பதினைந்து பேர். ஆம்பூர்க்காரர் சீரகச் சம்பாவில் பிரியாணி, கூடவே கத்தரிக்காய். சாப்பிட்டு முடித்தால் பேச்சு தவறாமல் வீட்டுக்குத்தான் போகும். ஒருவருக்கு போர் மோட்டார் காயில் போயிருக்கும். இன்னொருவருடைய காலி மனையில் சீமைக்கருவேலம் காடாகியிருக்கும். வாடகைக்காரர் மூணு மாசமாக போனை எடுக்காத கதை ஒன்று நிச்சயம் உண்டு.

நம் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டே: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981ல் உள்ளே திரும்ப வந்துவிட்டார், அதுவும் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான். பாலாறும் 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடிக் காட்டியது. "இப்ப பாக்கி ஒண்ணே ஒண்ணுதான், ஓனர் இல்லாத வீடு" என்று ஆற்காட்டு அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்கு நான் பெருமையாக அந்த வீடியோக்களைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்பா, உங்க வூட்ல மாடியாண்ட நின்னா மலை தெரியும் இல்ல? இன்னா இதுல காணோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "ஆங்கிள் அப்படிண்ணே" என்று போனை வாங்கிப் பையில் போட்டேன்.

மே மாதம் அம்மா வீடு கொஞ்சம் குளுமையாக இருக்கிறது என்றார். மேலே வெள்ளையாக எதைப் போட்டாலும் கொஞ்சம் குளுமை இருக்கத்தான் செய்யும், அதை அப்போது யோசிக்கவில்லை. ஆகஸ்டில் சாயங்கால இடி மழை நாலைந்து வந்தது. அதிலேயே பூஜை அறை ஓரம் ஈரம். போன் செய்தால் "புது கலவை சார், ஈரம் வெளிய வரும், அப்புறம் காஞ்சிடும்" என்றார். அண்ணா மறுபடி சார் ஆகியிருந்ததைக் கவனித்தேன்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த ராத்திரி. வேலூரிலும் விடாத மழை. அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் டொக், டொக் என்று சத்தம்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லடா, அண்டா வச்சிருக்கேன்."

ஹாலில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று, ஃபேன் கொக்கி வழியாக இறங்குவதற்கு ஒரு வாளி. முன்பு வெறும் ஓதம்தான் இருந்தது. 1,60,000 செலவு செய்து ஒழுக்கு வாங்கியிருக்கிறேன். காண்ட்ராக்டர் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் பழைய வீடியோக்களைத் திரும்பப் பார்த்தேன். ஆபீசில் பார்ப்பதால் எப்போதும் சத்தத்தை அணைத்தே பார்த்திருக்கிறேன். முதல் முறையாகச் சத்தத்தோடு. பிரஷ் அடிக்கிற வீடியோவில் பின்னணியில் நீளமாக ஒரு ரயில் ஹாரன், அப்புறம் தண்டவாளத்துச் சத்தம், பெட்டி பெட்டியாக. எங்கள் வீட்டில் ராத்திரி பகல் கேட்பது பைபாஸ் லாரிகள்தான். ரயில் சத்தம் எங்கள் வீடு வரை வராது.

டிசம்பரில் லீவு போட்டு வந்தேன். எதிர்வீட்டு அக்காவிடம் பேசியபோதுதான் பாதி விஷயம் புரிந்தது. ஏப்ரல் முழுக்க அவர் தன் மாடியில் வடகம் காயப் போட்டவர், எங்கள் மாடி அவருக்கு நேர் எதிரே. "ஒரு நாள் கூட கடப்பாரை சத்தம் கேக்கலியே தம்பி. மேலயே ஒட்டச் சொல்லிட்ட போலன்னு நெனச்சிக்கினேன்." அம்மாவிடம் கேட்டேன், இடித்த ரப்பீஸை எதில் ஏற்றினார்கள் என்று. அம்மா விழித்தார். "ரப்பீஸா? டைல்ஸு வந்தது, மணல் வந்தது. எதுவும் போகலியேடா."

ஆயிரம் சதுரடியில் மூணு அங்குலத் தளத்தைப் பேத்தால் மட்டும் 250 கன அடிக்கு மேல் வரும், பேத்த பிறகு உதிர்ந்து இன்னும் பெருகும். தட்டோடு வேறு. மூணு நாலு டிராக்டர் லோடு அது. பையில் போட்டு எடுத்துப் போக முடியாது. மேலே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத வீட்டில், கேட்டைத் தாண்டி வெளியே என்ன போகிறது என்று பார்க்க ஆள் இருந்தார்கள். அதை நான்தான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் "வீடியோ அனுப்புங்க" ஒன்றுதான்.

அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஏறியதும் ஒரு சொம்புத் தண்ணீரை மாடி நடுவில் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் மழைநீர்க் குழாய்ப் பக்கம் போக வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாக மாடிப்படிக் கதவுப் பக்கம் நகர்ந்தது. "வாட்டம் உள்ளாற இருக்குது தம்பி" என்றார். குழாய் ஒன்றின் வாயில் கலவை விழுந்து கல்லாகியிருந்தது. பிறகு பூஜை அறைக்கு மேலே ஒரு டைல்ஸைப் பேத்தார்.

கீழே முக்கால் அங்குலக் கலவை. அதற்குக் கீழே எங்கள் பழைய சிவப்புத் தட்டோடு, பாசியோடு அப்படியே. பிரஷ்ஷும் இல்லை, சாம்பல் பூச்சும் இல்லை. அடுத்த டைல்ஸைப் பேத்ததும் பச்சை எனாமல் பெயின்டில் ஒரு கோடு. நானும் தம்பியும் கேட் அடித்த பெயின்ட் மிச்சத்தில் போட்ட கிரிக்கெட் கிரீஸ் அது. 2001 இல்லை 2002. அப்பாவிடம் அடி வாங்கிய கோடு.

இப்படி மேலேயே ஒட்டினால் மூன்று கேடு என்று கொத்தனார் விளக்கினார். பழைய தளத்தில் ஊறிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். அது எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்கும், அதனால் மேலே ஓட்டை ஒரு இடம், கீழே சொட்டுவது இன்னொரு இடம். கூரைக்கு பாரமும் கூடும். தண்ணி டெஸ்ட் என்றால் குழாய் வாயை அடைத்து, ரெண்டு மூணு அங்குலம் தண்ணீர் கட்டி, குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் விட வேண்டும். அதையும் டைல்ஸுக்கு முன்னால், பூச்சு காய்ந்த பிறகு செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தால் இறங்கியதா என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எனக்கு வந்த வீடியோவில் இருபது விநாடித் தண்ணீர். வாளியில் ஊற்றிவிட்டுப் பிடித்தது.

வெளியூரிலிருந்து வேலை செய்ய வைக்கிறவர்கள் ரெக்கார்ட் செய்த வீடியோவை ஏற்காதீர்கள். நேரலையில் வீடியோ கால் போடச் சொல்லுங்கள், படியிலிருந்து ஏறச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுத் தண்ணீர் டேங்கைக் காட்டச் சொல்லுங்கள். மஸ்கட்டில் காலை ஏழு என்றால் ஊரில் எட்டரை, வேலை தொடங்குகிற நேரம்தான், சாக்குச் சொல்ல முடியாது. பேத்த தளத்தையும் பூச்சையும் நம் ஆள் ஒருவர் கண்ணால் பார்க்காமல் அடுத்த தவணை வேண்டாம். பணம் போகிற கணக்கின் பெயரும் வேலை எடுத்தவர் பெயரும் ஒன்றாக இருக்கட்டும், ஆதார் முகவரியோடு ஒரு வெள்ளைத் தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது முதல் கேள்வியே எதிர் மனுதாரர் பெயர், முகவரிதான். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போடலாம், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்தால் வழி சொல்கிறார்கள். இதெல்லாம் சுலபம். என்னிடம் இருந்ததோ ஒரு போன் நம்பரும் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் பெயரும். சொந்தக்காரரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, முகவரி கைக்கு வர ஆறு வாரம் ஆனது. சொந்தக்காரர் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அம்மாவுக்குத்தான். "வேலை செஞ்ச பசங்களுக்கு தினம் மோரு கலக்கிக் குடுத்தேனேடா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜனவரியில், போனை எடுக்காத ஆளிடமிருந்து தானாகவே ஒரு மெசேஜ். கரும்பும் பானையும் போட்ட படம், "இனிய பொங்கல் வாழ்த்துகள் அண்ணா", அதற்குக் கீழே "பேலன்ஸ் 13,250 கொஞ்சம் போட்டு விடுங்க". வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைக் காட்டினேன். ஆற்காட்டு அண்ணன் இந்த முறை மலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அண்ணான்னு திரும்ப வந்துட்டான் பாரு, பாசக்காரன்" என்றார்.

பிப்ரவரியில் அணைக்கட்டுக் கொத்தனாரே வேலையை எடுத்துக்கொண்டார். டைல்ஸ், தட்டோடு, ஜல்லி எல்லாம் கடப்பாரையில். எதிர்வீட்டு அக்கா காலையில் எட்டரைக்கு வீடியோ கால் போட்டார், போன் முழுக்கத் தூசி, சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. பச்சைக் கோடு இருந்த தட்டோடு ஒன்றை அப்பா கேட்டு வாங்கிக் கிணற்றடியில் சாத்தி வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா போன் செய்தார். கேட்டாண்டயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"எண்ணிட்டேன்டா. நாலு டிராக்டர்."