மூன்கேக்குக்குத் தாமரைப் பூரணம் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

சீனர்களின் நிலவு விழா வருகிறது. அதற்குச் செய்யும் பலகாரம்தான் மூன்கேக், மாவுத் தோலுக்குள் இனிப்புப் பூரணம் வைத்து அச்சில் அழுத்திச் சுடுவது. சிங்கப்பூரில் வீட்டிலேயே மூன்கேக் செய்கிறவர்கள் இந்நேரம் சாமான் வாங்கக் கிளம்பியிருப்பீர்கள். கடைக்காரரே டப்பாவில் நிரப்பி விற்கும் தாமரை விதைப் பூரணத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

மேல்மாடிச் சீன ஆன்ட்டிதான் எனக்கு மூன்கேக் செய்யக் கற்றுக்கொடுத்தார். கை நடுக்கம் வந்தபிறகு தன் மர அச்சையும் என்னிடமே தந்துவிட்டார். அவருக்காகவே பேக்கிங் சாமான் கடை ஒன்றில் ‘சுத்தத் தாமரை’ என்று கையால் எழுதி ஒட்டிய டப்பா இரண்டு வாங்கினேன். இரண்டு கிலோ, 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

மாவில் ஒரு குறையும் இல்லை. சர்க்கரைப் பாகு, கடலை எண்ணெய், கொஞ்சம் கான்சுய் காரநீர், நடுவில் உப்பு வாத்துமுட்டை மஞ்சள் கரு, எல்லாம் அவர் சொன்ன அளவுதான். சுட்டபின் இரண்டு மூன்று நாள் வைத்தால் பூரணத்தின் எண்ணெய் மேல்தோலுக்கு ஏறி, தோல் மெத்தென்று பளபளக்கும். சீனர்கள் இதை ‘எண்ணெய் திரும்புவது’ என்பார்கள். மூன்றாம் நாளும் தோல் விறைப்பாகவே இருந்தது. வெட்டினால் அல்வா போல வழவழவென்று வர வேண்டிய பூரணம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆன்ட்டி ஒரு வாய் தின்றுவிட்டு, “இது தாமரை இல்லை, பீன்ஸ்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்குப் போய், டப்பாவில் நிரப்புவதற்கு முன் பூரணம் இருந்த பெரிய தகர டின்னைக் காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் இழுத்தடித்துத்தான் காட்டினார்கள். அதில் ஒட்டியிருந்த பொருட்பட்டியலில் முதலில் வெள்ளை பீன்ஸ், அப்புறம் சர்க்கரை, எண்ணெய். தாமரை விதை நான்காவது. இங்கே பட்டியலில் எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் போட வேண்டும். பீன்ஸ் பூரணம் விற்பது தப்பில்லை, அது விலை குறைந்த சரக்கு. அதைத் தாமரை என்று சொல்லித் தாமரை விலைக்கு விற்றதுதான் அநியாயம். திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். ரசீதும் தகரத்தின் படமும் வைத்துப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், சர்க்கரையைக் கருக்கினாலும் தாமரைப் பூரணத்தின் அந்தப் பழுப்பு வரும். சீல் உடையாத தகரமாகக் கேளுங்கள், பட்டியலின் முதல் வரியைப் படியுங்கள்.

நான் இப்போது காய்ந்த தாமரை விதை வாங்கி ஊறவைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பச்சை முளையை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகச் சரிபார்க்கிறார்.