ஆறு மாதம் தஞ்சாவூர்: வாராவாரம் ஊருக்கா, அங்கேயேவா?

வேலைக்காக ஆறு மாதம் தஞ்சாவூர். வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. அம்மா கைச் சாப்பாடு, துவைத்த துணி. ஞாயிறு இரவு மறுபடி ரயில், திங்கள் முழுக்கக் கண்ணெரிச்சல். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சரி, வேறு வழியில்லை. எனக்கு இல்லை, ஆனாலும் இரண்டு மாதம் இப்படியே போனது.

தங்கினால்? முதல் சனிக்கிழமை போரடிக்கும், உண்மை. அப்புறம் சாயங்காலம் பெரிய கோயில் புல்தரையில் உட்கார்ந்தால், 1010இல் முடிந்த விமானம் வெயில் இறங்க இறங்க நிறம் மாறுவதைப் பார்க்கலாம். திருவையாறு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி: ஒரே டிக்கெட்டில் ஐந்து ஆறு. மூன்றாவது வாரம் டீக்கடைக்காரர் கேட்டார்: “என்ன தம்பி, ஊருக்குப் போகலையா?”